வாவியில் வராத மயக்கம்: கடல்நோயும் கப்பல் வைத்தியமும்

கடற்பயணத்தில் உட்செவி ஒரு செய்தியையும் கண் வேறொரு செய்தியையும் மூளைக்கு அனுப்பும்போது உண்டாகும் தலைசுற்று, குமட்டல், சத்தி ஆகியவை சேர்ந்ததே கடல்நோய். பஸ், விமானம், ஒட்டகம் என எதில் ஏறினாலும் வரக்கூடிய பயணநோயின் ஒரு வகை இது. உடல் பலவீனமோ பயமோ இதற்குக் காரணம் அல்ல. நல்ல தேகநலம் உள்ளவருக்கும் வரும். ஆட்டம் போதிய அளவு பலமாகவும் நீண்டும் இருந்தால், சமநிலை உறுப்பு ஒழுங்காக வேலை செய்யும் எவருக்கும் பெரும்பாலும் வந்தே தீரும்.

இந்த நோயின் இயல்பை விளங்கிக்கொள்ள இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வசதியான இடம். கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளோடு ஏறி மறுகரை போகிறவர்களுக்கு வயிறு புரட்டுவதில்லை. அதே ஆட்கள் பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தாண்டி ஆழ்கடலுக்குள் போனால் அரைமணி நேரத்துக்குள் ஓங்காளிக்கக்கூடும். வாவியிலும் படகு ஆடத்தான் செய்கிறது. ஆனால் ஒருமுறை ஏறி இறங்க அது எடுக்கும் நேரம் வேறு. கடல்நோய் வருமா வராதா என்பதை அலையின் உயரத்தோடு இந்த நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

உட்செவியில் உள்ள கருவி

செவிப்பறைக்கு அப்பால், மண்டையோட்டு எலும்புக்குள், கேட்டலோடு தொடர்பில்லாத ஓர் உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் கொண்டது அது. தலை திரும்பும்போது குழாய்களுக்குள் உள்ள திரவம் சற்றுப் பின்தங்க, நுண்மயிர்க் கலங்கள் வளைந்து திரும்பலை அறிவிக்கின்றன. பைகளின் வேலை வேறு. அவற்றின் உட்புறத்தில் கூழ் போன்ற ஒரு படலமும் அதன்மேல் கல்சியம் காபனேற்றுத் துகள்களும் இருக்கின்றன. தட்டை அசைத்தால் அதிலுள்ள வட்டிலப்பம் சற்றுப் பிந்தி அசைவதுபோல, உடல் மேலே எழும்போதும் கீழே தாழும்போதும் இந்தத் துகள்கள் பிந்தி நகர்ந்து, நேர்கோட்டு அசைவையும் தலையின் சாய்வையும் காட்டிக்கொடுக்கின்றன.

கப்பலின் அறைக்குள் இருப்பவருக்குச் சுவர், மேசை, கட்டில் எல்லாம் அசையாமல் இருப்பதாகவே கண் சொல்லும். உட்செவியோ ஏறுகிறோம், இறங்குகிறோம், சாய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பழகிய அசைவுகளில் இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று மூளை முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப் பொய்க்கும்போது நோய் தொடங்குகிறது. ஜேம்ஸ் றீசன், ஜே. ஜே. பிராண்ட் ஆகியோர் 1975 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்த இந்தப் புலன்முரண் கொள்கையே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது.

உட்செவியின் பங்குக்கு நேரடிச் சான்று உண்டு. இரு பக்கச் சமநிலை உறுப்பும் பழுதுபட்டவர்களையும் மற்றவர்களையும் 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வட அத்திலாந்திக் புயற்கடலில் ஒரே கப்பலில் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் சத்தி எடுத்துத் துவண்டபோது, உறுப்புப் பழுதுபட்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பார்வையற்றவர்களுக்கோ கடல்நோய் வருகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொள்வது சிலருக்கு ஆறுதல் தந்தாலும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

புலன்கள் முரண்படுவதற்கும் சத்திக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு மிஷெல் டிறீஸ்மன் 1977 இல் ஒரு விடை சொன்னார். நஞ்சு கலந்த உணவை உண்டாலும் கண்ணும் உட்செவியும் ஒத்துப்போகாமல் தலைசுற்றும். அந்த நிலையில் வயிற்றைக் காலி செய்த உயிரினங்கள் பிழைத்தன. அசைவால் வரும் குழப்பத்தையும் மூளை நஞ்சு என்றே தவறாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. இது கருதுகோள்தான், நிறுவப்பட்ட உண்மை அல்ல.

அலையின் காலக்கணக்கு

ஆட்களை ஒரு மேடையில் இருத்தி மேலும் கீழும் அசைத்துப் பார்த்த சோதனைகளின் முடிவை ஓஹன்லன், மக்கோலி ஆகியோர் 1974 இல் வெளியிட்டனர். ஏறி இறங்க ஏறத்தாழ 5 நொடி எடுக்கும் அசைவே மிக அதிகமானோருக்குச் சத்தியை உண்டாக்கியது. அசைவு அதைவிட மிக விரைவாக இருந்தாலும் மிக மெதுவாக இருந்தாலும் நோய் குறைந்தது. கப்பல், புகையிரத வடிவமைப்பாளர்கள் இன்று கைக்கொள்ளும் சர்வதேச நியமமும் 2 முதல் 10 நொடி வரையான அசைவுகளையே பயணநோய்க்கு உரியவையாக எடுத்து மதிப்பிடுகிறது.

மட்டக்களப்பு வாவி பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைந்தது. குறுக்கே சில கிலோமீற்றர்தான். காற்று தள்ளி அலையை வளர்க்க அங்கே தூரம் போதாது. எழும் அலை குறுகியது. ஓரிரு நொடியில் ஏறி இறங்கிவிடும். உடல் குலுங்கும், நீர் தெறிக்கும், ஆனால் உட்செவியை அது அவ்வளவாகக் குழப்புவதில்லை. வங்காள விரிகுடாவிலோ காற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வெளி கிடைக்கிறது. அங்கே திரளும் அலைகள் 5 முதல் 10 நொடி வரை எடுப்பவை. முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வாவியிலிருந்து வெளியே பாயும் நீர் எதிரே வரும் அலையைக் குறுக்கிச் செங்குத்தாக்கிவிடும். மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டித் திறக்கப்பட்ட நாட்களில் அதைக் கடப்பது அனுபவசாலிகளுக்கும் சோதனைதான்.

அலையின் காலத்தோடு படகின் வேகமும் திசையும் சேரும். ஆழ்கடலில் 8 நொடி அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 100 மீற்றர். அது நொடிக்கு 12.5 மீற்றர் வேகத்தில் நகரும். மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு 3.6 மீற்றர் வேகத்தில், ஒரு பலநாள் மீன்பிடிப் படகு அந்த அலைக்கு எதிராகப் போனால் 6 நொடிக்கு ஒருமுறை ஓர் அலையைச் சந்திக்கும். அதே படகு திரும்பி அலையோடு போனால் 11 நொடிக்கு ஒருமுறைதான் சந்திக்கும். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. திசையை மாற்றியதால் மட்டும் நோய் தரும் காலத்திலிருந்து படகு விலகிவிடுகிறது. கடுமையாக நோயுற்றவர் படகில் இருந்தால் சற்று நேரம் வேகத்தைக் குறைத்தோ திசையை மாற்றியோ ஓட்டுவது வைத்தியத்தின் ஒரு பகுதி என்று கொள்ளலாம்.

பருவமும் கணக்கில் வரும். கார்த்திகை முதல் மாசி வரை வாடைக்காற்று திறந்த கடலைக் கடந்து கிழக்குக் கரையில் மோதுகிறது. அப்போது மட்டக்களப்புக் கடல் கொந்தளிக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரையான தென்மேற்குப் பருவத்தில் காற்று தீவின் நிலப்பரப்பைக் கடந்து வருகிறது. கச்சான் வீசும் அந்த நாட்களில் கரையோரக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும். 2023 யூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. இத்தகைய பாதையில் தென்கிழக்கு முனையைச் சுற்றி வடக்கே திரும்பும் கப்பல், பருவத்தைப் பொறுத்து ஒரே இரவில் கொந்தளிப்பிலிருந்து அமைதிக்கோ அமைதியிலிருந்து கொந்தளிப்புக்கோ போய்விடும்.

எம்பிரஸ் 1990 இல் சேவைக்கு வந்த, 211 மீற்றர் நீளமான கப்பல். இவ்வளவு நீளமான கப்பலின் கீழ் சிறு அலைகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் அடங்கிவிடுவதால் அவை அதை அசைப்பதில்லை. நீண்ட அலையே அதைத் தூக்கும். பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் நீருக்குள் நீளும் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள், கப்பல் இடமும் வலமும் உருளுவதைக் குறைக்கின்றன. ஆனால் கப்பல் முழுவதும் ஏறி இறங்குவதையும் முனை எழுந்து தாழ்வதையும் அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. கடல்நோயைத் தருவதில் அந்த மேல்கீழ் அசைவே முதலிடம் பெறுகிறது.

யாருக்கு வரும், எப்போது விடும்

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயணநோய் அரிது. அதன்பின் கூடி, ஒன்பது பத்து வயதளவில் உச்சத்தைத் தொட்டு, வயது ஏற ஏறக் குறைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், கர்ப்பகாலத்திலும் மாதவிடாய்க் காலத்திலும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடுதலாக வருகிறது.

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களில் இது தானாக விட்டுவிடும். புதிய அசைவுக்கு ஏற்றபடி மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்வதே காரணம். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் வேலைக்குச் சேரும் புதியவர்கள் முதல் ஓரிரு நாட்களைப் படுத்தே கழித்துவிட்டு, பிறகு வலை இழுக்க எழுந்துவிடுவது இதனால்தான். இந்தப் பழக்கம் நிரந்தரம் அல்ல. பல மாதங்கள் கரையில் நின்றுவிட்டுத் திரும்பப் போனால் பழைய ஆட்களுக்கும் முதல் நாள் வயிறு புரட்டலாம். சிறுபான்மையினருக்கு எத்தனை நாளானாலும் பழகுவதில்லை. பீகிள் கப்பலில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பயணம் செய்த சார்ல்ஸ் டார்வின் கடைசிவரை கடல்நோயால் வருந்தியவர்.

அறிகுறிகளின் ஒழுங்கு

சத்திக்கு முன் உடல் பல முன்னறிவிப்புகள் தருகிறது. முதலில் கொட்டாவி, அசதி, பேச்சில் விருப்பமின்மை. பிறகு முகம் வெளிறும், குளிர்ந்த வியர்வை பூக்கும், வாயில் எச்சில் ஊறும், மேல்வயிறு கனக்கும். அதன்பின் குமட்டல், ஓங்காளம், சத்தி. சிலருக்குச் சத்தியே வராமல் தூக்கமும் சோர்வும் மட்டும் நாள்முழுவதும் நீடிக்கும். அதுவும் கடல்நோய்தான். கொட்டாவி விடும் கட்டத்தில் எதையாவது செய்தால் பலன் உண்டு. குமட்டல் முற்றிய பின் செய்வதற்குப் பலன் குறைவு.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் உள்ளடக்கத்தைக் குடலுக்குத் தள்ளுவது மந்தமாகிவிடும். விழுங்கும் குளிசை இரைப்பையிலேயே கிடக்கும், குருதியில் சேராது, அடுத்த சத்தியோடு வெளியே வந்துவிடும். எனவே கடல்நோய்க்கான குளிசை எதையும் ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

குளிசைகளும் இஞ்சியும்

பயன்தரும் மருந்துகள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, தூக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகள்: டைமென்ஹைட்ரினேற், மெக்லிசின், சின்னரிசின், புரோமெதசின். 1947 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேற் எடுத்த ஒரு கர்ப்பிணி, டிராமில் போகும்போது தனக்கு வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று சொன்னார். அதைக் கேட்ட வைத்தியர்கள் லெஸ்லி கே, போல் கார்லினர் இருவரும் அதே ஆண்டு நியூயோர்க்கிலிருந்து ஜேர்மனிக்குப் படைவீரரை ஏற்றிச் சென்ற கப்பலில் அதைச் சோதித்து உறுதிப்படுத்தினர். டைமென்ஹைட்ரினேற்றைப் பயணத்துக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னும், சின்னரிசினை இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் எடுப்பது வழக்கம். தூக்கம் தராத புதிய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு நுழையாததால் கடல்நோய்க்கு உதவுவதில்லை.

இரண்டாவது, ஹையோசின். ஸ்கொப்பொலமின் என்றும் இதற்குப் பெயர். காதுக்குப் பின்னால் ஒட்டும் சிறு பட்டையாக இது கிடைக்கிறது. பட்டை தோல்வழியே மூன்று நாட்களுக்குச் சிறிது சிறிதாக மருந்தைச் செலுத்தும். வேலை செய்ய நேரம் பிடிப்பதால் கப்பல் புறப்படுவதற்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு முன் ஒட்ட வேண்டும். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். வாய் உலர்வது சாதாரணம். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் அடைப்பு உள்ள முதிய ஆண்களும் தவிர்க்க வேண்டும். முதியோருக்குச் சில வேளை மனக்குழப்பம் உண்டாகும். ஊமத்தையில் இருப்பதும் இதே பொருள்தான். ஆனால் இலையிலும் விதையிலும் அதன் அளவு செடிக்குச் செடி மாறுவதால் ஊமத்தையை மருந்தாக உண்பது உயிராபத்து.

பெயர் ஒற்றுமையால் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கப்படும் ஹையோசின் பியூட்டில்புரோமைட் மூளைக்குள் நுழையாது; ஆகவே கடல்நோய்க்குப் பயன்படாது. வேறு சத்திகளுக்குக் கைகண்ட மருந்துகளான டொம்பெரிடோனும் ஒண்டன்செற்றோனும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. பாமசியில் சத்திக்குக் குளிசை என்று மட்டும் கேட்டால் இவற்றில் ஒன்று கையில் வந்துவிடக்கூடும். கடற்பயணத்துக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

இஞ்சிக்கு ஓரளவு சான்று உண்டு. டென்மார்க் கடற்படைப் பயிலுநர்களிடம் நடத்தி 1988 இல் வெளியான ஆய்வில், 1 கிராம் இஞ்சித்தூள் எடுத்தவர்கள் குறைவாகச் சத்தி எடுத்தனர், குறைவாக வியர்த்தனர். குமட்டலும் தலைசுற்றும் கணிசமாகக் குறையவில்லை. வேறு சில ஆய்வுகளில் இந்தப் பயனும் தெரியவில்லை. இஞ்சிப் பிளேன்டீயால் தீங்கில்லை, சிலருக்கு இதம். கொந்தளிக்கும் கடலில் அதை மட்டும் நம்புவது போதாது. மணிக்கட்டை அழுத்தும் பட்டிகளுக்கு உறுதியான சான்று இல்லை.

குளிசை இல்லாத வழிகள்

கப்பலின் நடுப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிய தளத்தில் அசைவு மிகக் குறைவு. முன்முனையில் மிகக் கூடுதல். அறை எடுக்கும்போதே இதைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். ஆடும்போது மேல்தளத்துக்கு வந்து அடிவானத்தையோ தூரக்கரையையோ பார்த்தால் கண்ணும் உட்செவியும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். வாசிப்பதும் போனைப் பார்ப்பதும் நோயை வளர்க்கும். முடியாவிட்டால் மல்லாந்து படுத்து, தலையை அசையாமல் வைத்து, கண்ணை மூடுவது நல்லது. வெறும்வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டத்தால் நிறைந்த வயிறும் கூடாது. மதுபானமும் டீசல் புகையும் மீன் வாடையும் விரைவில் சத்தியைக் கொண்டுவரும். சிறு படகில் விளிம்பில் குனிந்து சத்தி எடுப்பவரை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்; கடலில் தவறி விழுவது இந்நோயால் நேரக்கூடிய பெரிய ஆபத்துகளில் ஒன்று.

கடல்நோய் ஆபத்தாகும் இடம்

கடல்நோயால் நேரடியாக உயிர் போவது மிக அரிது. உடல் நீரிழப்பதுதான் ஆபத்து. சிறுநீர் குறைந்து மஞ்சள் கடுத்தால், நாக்கு உலர்ந்தால், எழும்போது கண் இருட்டினால் உடனே நீரேற்ற வேண்டும். ‘ஜீவனி’ எனப்படும் நீரேற்று உப்புத்தூளைக் கரைத்து, ஒரே மூச்சில் குடிக்காமல், சில நிமிடத்துக்கு ஒரு வாயாகக் குடிப்பது தங்கும். அதுவும் தங்காவிட்டால் நாளத்தின் வழியே சேலைன் ஏற்ற வேண்டும். கப்பல் வைத்தியர் புரோமெதசினை ஊசியாகவும் போடுவார்.

வழக்கமாக எடுக்கும் மருந்துகளும் சத்தியோடு போய்விடும். இன்சுலின் போட்டுவிட்டு உண்டது தங்காமல் போனால் நீரிழிவு நோயாளரின் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வலிப்பு, இதய நோய் மருந்துகள் தவறுவதும் அப்படியே. இவர்கள் கடல்நோய் தொடங்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது.

எல்லாச் சத்தியும் கடல்நோயால் வருவதில்லை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் அது உல்லாசக் கப்பல்களில் விரைவாகப் பரவும் நோரோ வைரசாக இருக்கலாம். கைக்குத் தடவும் மதுசாரத் திரவம் அதை நன்கு அழிக்காது. சவர்க்காரத்தால் கழுவுவதே வழி. நோயாளி அறைக்குள் தங்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், வலது அடிவயிற்று வலி, கடும் தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தாலும், கடல் அடங்கிய பின்னும் சத்தி நிற்காவிட்டாலும் மாரடைப்பு, குடல்வால் அழற்சி, பக்கவாதம் போன்றவற்றை முதலில் நினைக்க வேண்டும்.

கப்பலில் கிடைக்கும் வைத்தியம்

நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றி, வழமையாக மூன்று நாட்களுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதிபெற்ற வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் விதிக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்களில் வைத்தியர்களும் தாதியரும் சிறு தீவிர சிகிச்சை வசதியும் இருக்கும். இதயத்துடிப்புப் பதிவு, அதிர்வு கொடுத்து இதயத்தை மீட்கும் கருவி, செயற்கைச் சுவாசம், எக்ஸ்றே, அடிப்படைக் குருதிப் பரிசோதனை, குருதிக்கட்டி கரைக்கும் மருந்து ஆகியவை வழமையானவை. பெரிய சத்திரசிகிச்சைக்கும் குருதி வங்கிக்கும் அங்கே இடமில்லை. நோயாளியை நிலைப்படுத்தி, கரைக்குக் கொண்டுபோகும்வரை உயிரைக் காப்பதே கப்பல் வைத்தியத்தின் எல்லை. பயணிகளுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியது. ஹெலிகொப்டர் வெளியேற்றச் செலவையும் ஏற்கும் காப்புறுதி இதனால்தான் அவசியம்.

வைத்தியர் இல்லாத சரக்குக் கப்பல்களுக்குக் கரையிலிருந்து வானொலி, செய்மதி வழியே இருபத்துநான்கு மணி நேரமும் இலவச வைத்திய ஆலோசனை கிடைக்க வேண்டும் என்றும் அதே சமவாயம் சொல்கிறது. இதற்கு முன்னோடி 1935 இல் ரோமில் குயிடோ குயிடா என்ற வைத்தியர் தொடங்கிய நிலையம். அது இன்றும் இயங்குகிறது.

மீன்பிடிப் படகுகள் இந்தச் சமவாயத்துக்குள் வராதவை. பலநாள் படகில் வைத்தியர் இல்லை. முதலுதவிப் பெட்டியும் வானொலியும்தான் உண்டு. கரையிலிருந்து 200 கடல்மைலில் இருக்கும் படகு 7 கடல்மைல் வேகத்தில் திரும்பினால் கரை சேர ஏறத்தாழ 29 மணி நேரமாகும். குடல்வால் வெடிக்கவும் மாரடைப்பு முற்றவும் அது போதும். ஆகவே நோய் தொடங்கியவுடனேயே செய்தி சொல்ல வேண்டும். கொழும்பிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் செய்தியைப் பெற்று, அண்மையிலுள்ள வணிகக் கப்பலையோ கடற்படைக் கலத்தையோ அனுப்பும். ஆழ்கடல் படகுகளில் பொருத்தப்பட்டுள்ள செய்மதி இருப்பிடக் கருவி, தேடும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மட்டக்களப்புக் கரைக்கு நேரே நோயாளி ஒருவரை இறக்குவதிலும் சிக்கல் உண்டு. இங்கே பெரிய கப்பல் கட்டும் ஆழ்கடல் துறைமுகம் இல்லை. முகத்துவாரத்தின் மணல்மேட்டைச் சிறு படகுகளே கடக்கும். நோயாளியைக் கடலில் வைத்தே சிறு கலத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது கப்பல் திருகோணமலைக்குப் போக வேண்டும். வாடைக்காலத்தில் முதல் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கரைக்கு வந்த நோயாளியை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகளுக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லும்.

இந்தக் கடலிலேயே கப்பல் வைத்தியத்துக்குப் பெரும் சோதனை வந்தது 1942 ஏப்ரில் 9 அன்று. யப்பானிய விமானங்கள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’, அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’ இரண்டையும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தனர். அண்மையில் சென்றுகொண்டிருந்த ‘வீட்டா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் நீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரைத் தூக்கி, கொழும்புக்குக் கொண்டுசென்றது. வெள்ளை நிறமும் செஞ்சிலுவைக் குறியும் தாங்கிய அந்தக் கப்பலை விமானங்கள் தாக்கவில்லை. ஹேர்மிஸ் இன்றும் அங்கே 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது.

வைத்தியசாலைக் கப்பல் இல்லாத நிலை 2009 இல், போரின் இறுதிக் கட்டத்தில், வன்னிக் கரையில் நேர்ந்தது. பெப்ரவரி முதல் மே வரை அந்தக் கரையிலிருந்து காயமுற்றோரையும் நோயாளரையும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ‘கிறீன் ஓஷன்’ என்ற பயணிகள் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது. இறங்குதுறை இல்லாததால் மீன்பிடி வள்ளங்களில் ஏற்றி நடுக்கடலில் கப்பலுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

கரை ஏறிய பின்

கடலுக்குப் பழகிய மூளை, தரைக்குத் திரும்பியதும் பழைய கணக்கை மீண்டும் பழக வேண்டும். பல நாள் கப்பலில் இருந்தவருக்குத் தரை ஆடுவதுபோலத் தோன்றும். கண்ணை மூடிக் குளிக்கும்போதும் படுக்கும்போதும் அது கூடுதலாகத் தெரியும். பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ மறைந்துவிடும். அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் உயரத்தில் ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். தூக்கம் தரும் குளிசை எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். மிகச் சிலருக்கு, குறிப்பாக நடுத்தர வயதுப் பெண்களுக்கு, இந்த ஆட்டம் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. கடல்நோய்க் குளிசை அதற்கு உதவாது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ காண வேண்டும்.